கண்ணில் குத்தும் நிறங்கள்

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். வரிகள் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகின்றன. சாலை போட்ட காலத்தில் ஒரு கயிறு கட்டிவிட்டால் போதும், எவ்வளவு தூரமானாலும் கோணாமல் போட்டுக்கொண்டே போவேன். காகிதத்தில் அந்த வித்தை பலிக்கவில்லை. பேனாவை மண்வெட்டி மாதிரிப் பிடிக்கிறேன் என்று டீச்சர் சொல்கிறார். நான் பிடித்துப் பழகியது அதைத்தானே.

இது நான் எழுதும் முதல் கடிதம். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் மாலை வகுப்பில், "யாருக்காவது ஒரு கடிதம் எழுதிப் பாருங்க" என்றார் டீச்சர். என் பக்கத்தில் உட்காரும் மீன்கடைக்காரர், "நான் என் பொண்டாட்டிக்கே எழுதப்போறேன். வாயால சொன்னா காதுல வாங்க மாட்டேங்கிறா" என்றார். எனக்கு உனக்கு எழுதலாம் என்று தோன்றியது. மகனுக்கு எழுதினால் பதில் வராது, அவனைப் பற்றி உனக்கே தெரியும். நீ இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து நாம் இரண்டு பேரும் "சாப்பிட்டீங்களா மாமா", "சாப்பிட்டேன்மா" என்பதைத் தாண்டியதில்லை. எழுத்தில் தாண்டலாம் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அலுவலகத்தில் நீ செய்துகொண்டிருக்கும் மச்சம் பார்க்கும் செயலியைப் போனில் போட்டுக் கொடுத்தாயே, அதற்கென்றே படைத்த முதுகு என்னுடையது. வேலையிடத்தில் என்னை மச்சக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அதிர்ஷ்டத்துக்காக அல்ல, எண்ணிக்கைக்காக. போன வருடம் தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "வெயில்ல வெந்த முதுகு. இதுல இந்த ஏழு மச்சத்தை மட்டும் மாசாமாசம் கவனிங்க. சில மச்சம் புற்றா மாறும். வளர்ந்தா உடனே வாங்க" என்று ஏழையும் தொட்டுக் காட்டினார். உன் அத்தை அந்த ஏழையும் போன மாதம் படம் எடுத்தாள், இந்த மாதமும் எடுத்தாள்.

ஒவ்வொரு மச்சத்தைச் சுற்றியும் விரலால் ஒரு வளையம் வைத்து, அதற்கு ஒரு நிறம் கொடுக்க வேண்டுமாமே. அந்த நிறத்தை அடையாளமாக வைத்துத்தான் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுமாம். உன் அத்தைக்கு நிறம் பற்றிச் சொல்ல வேண்டுமா? தையல் மெஷினில் உட்கார்ந்த நாளிலிருந்து துணிக்கு நூல் சேர்ப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. எது நூல், எது துணி என்று தெரிந்துவிட்டால் அது தையலே இல்லை என்பாள். என் தோலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாக்கு நிறம், காப்பி நிறம், மரப்பட்டை நிறம், சுட்ட செங்கல் நிறம் என்று தேடித் தேடி ஏழு வளையத்துக்கும் நிறம் சேர்த்துவிட்டாள். வளையம் இருப்பதே தெரியவில்லை. அவ்வளவு சுத்தம்.

"முதுகு பூரா கலர் கலரா வட்டம் போட்டு விளம்பரப் பலகை மாதிரி ஆக்கணுமா? இப்பப் பாருங்க, எவ்வளவு லட்சணமா இருக்கு" என்றாள்.

பிறகு போனை வாங்கிப் பார்த்தேன். ஏழு வரி, ஏழிலும் ஒரே சொல். அவள் படித்துச் சொல்ல வாயெடுத்தாள். தடுத்துவிட்டேன். நானே எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். மாற்றமில்லை. அம்மா, எவ்வளவு நீளமான சொல்! ஏழு தடவையும் படித்தேன்.

இதற்குப் போனில் பதில் சொல்லாதே. பேசிவிட்டால் எனக்குப் படிக்க ஒன்றும் மிஞ்சாது. கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுது.

இப்படிக்கு,
உன் மாமா


மார்ச் 8

அன்புள்ள மாமாவுக்கு,

போன் செய்யாதே என்று எழுதியிருந்தீர்கள். செய்துவிட்டேன். உங்கள் கடிதத்தில் "வளையம் இருப்பதே தெரியவில்லை" என்ற வரியைப் படித்த பிறகு தபாலை நம்பிக் காத்திருக்க முடியவில்லை. நீங்கள் வகுப்பிலிருந்து வந்ததும் உங்கள் மகன் மறுபடி கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஆனாலும் அவர் பாதி சொல்லி, பாதியை முழுங்கியிருப்பார். நீங்களே படித்துத் தெரிந்துகொள்வதற்காக முழுதாக எழுதுகிறேன்.

நீங்கள் சம்மதித்தபடி உங்கள் படங்கள் எங்களுக்கும் வருகின்றன. இரண்டு மாதப் படங்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது தோள்பட்டைக்குக் கீழே, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு மச்சம் இருக்கிறது. போன மாதம் இரண்டும் ஒரே அளவு. அத்தை மேலே உள்ளதற்குப் பாக்கு நிறமும் கீழே உள்ளதற்குக் காப்பி நிறமும் கொடுத்திருக்கிறார். இந்த மாதம் முதல் வளையத்தை வைத்ததும் அது தோலோடு தோலாக மறைந்துவிட்டது. வைத்தோமா இல்லையா என்று தெரியாமல் இரண்டாவது வளையத்தையும் அதே மேல் மச்சத்தில் வைத்துவிட்டார். கீழ் மச்சத்துக்கு வளையமே இல்லை.

செயலி வளையத்துக்குள் இருப்பதை மட்டும்தான் பார்க்கும், மாமா. மேல் மச்சத்தை இரண்டு தடவை பார்த்து இரண்டு தடவையும் மாற்றமில்லை என்று சொல்லிவிட்டது. கீழ் மச்சத்தை அது பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். வளர்ந்திருக்கிறது. ஒரு பக்க ஓரம் மை கசிந்த மாதிரிப் பரவியிருக்கிறது.

அந்தப் பதற்றத்தில் அத்தையிடம், "இந்தக் கலரெல்லாம் யாரு வெச்சது? கண்ணு தெரியலியா?" என்று கேட்டுவிட்டேன். வாயிலிருந்து விழுந்ததும் எனக்கே சுருக்கென்றது. அத்தை, "இரு, அவர் வந்ததும் பேசு" என்று போனைக் கீழே வைத்தார். அணைக்கவில்லை. நான் வெகுநேரம் உங்கள் வீட்டு மின்விசிறி சுற்றுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அத்தை மேல் தப்பில்லை. நிறம் எதுவானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பெரிய நிற வட்டத்தைத் திறந்து வைத்தவள் நான்தான். எல்லா நிறமும் அதில் இருந்தது. தோலின் நிறமும் இருந்தது. அதை யாராவது எடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பயமுறுத்த எழுதவில்லை. பயப்படாதீர்கள் என்று சொல்லவும் முடியவில்லை. இந்த வாரமே டாக்டரிடம் போங்கள், மாமா. செயலி சொன்னதை நம்பாதீர்கள். நான் சொல்வதை நம்புங்கள்.

உங்கள் மருமகள்


மார்ச் 14

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தை யார் துணையும் இல்லாமல் நானே படித்தேன். டீச்சர் கொடுக்கும் பாடத்தைவிட எழுத்து எளிதாக இருந்தது. விஷயம்தான் எளிதாக இல்லை.

உன்னிடம் மறைப்பானேன், எனக்குக் கோபம் வந்தது. உன் மேல் இல்லை, அத்தை மேலும் இல்லை. அந்தச் சொல்லின் மேல். எழுத்தில் இருந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் இத்தனை வருடமாக உண்மையையே படித்துக்கொண்டிருக்கிறார்கள், நான் மட்டும் வெளியே நிற்கிறேன் என்று பொறாமைப்பட்டிருக்கிறேன். நான் முதன்முதலாகப் படித்த நீளமான சொல்லே என்னை ஏமாற்றிவிட்டது. இனி படித்துவிட்டு ஒரு தடவை யோசிப்பேன்.

வீட்டு நிலவரம் சரியில்லை. உன் அத்தை மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டாள். "எனக்கா கண்ணு தெரியாது? ஊசியில நூல் கோக்க இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரைக் கூப்பிட்டிருப்பேனா?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். எனக்கும் டாக்டரிடம் போகக் கால் எழவில்லை. போனை எடுத்துப் பார்த்தால் அது இன்னும் மாற்றமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. வளர்ந்திருக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால் வளர்ந்துவிடும், அதுவரை வளராது என்று ஒரு நினைப்பு. முட்டாள்தனம்தான்.

நேற்றுக் காலை குளித்துவிட்டு வந்தேன். சட்டையை எடுக்கப் போனேன். உன் அத்தை ஒரு சொல்லும் சொல்லாமல் அளவு டேப்பை எடுத்துவந்து என் முதுகில் வைத்தாள். முதலில் மேல் மச்சம். பிறகு கீழ் மச்சம். மறுபடியும் கீழ் மச்சம். பிறகு டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"சட்டையைப் போடுங்க. டாக்டர்கிட்டப் போறோம்."

"என்ன அளவு வந்துச்சு?"

"செருப்பையும் போடுங்க."

பஸ்ஸில் டேப் அவள் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்க மறந்துவிட்டாள். நான் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

டாக்டர் லென்ஸ் வைத்து நிறைய நேரம் பார்த்தார். இதை எடுத்துவிடலாம், எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்றார். வருகிற 21ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. உன் அத்தை உன்னிடம் பேசுகிற மாதிரி இல்லை. ஆனால் உன் கடிதத்தை என் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துப் படித்திருக்கிறாள். நான் மடித்தது ஒரு மாதிரி, இப்போது மடிப்பு வேறு மாதிரி. ஆகவே அவளைப் பற்றி எழுதுவதாக இருந்தால் பார்த்து எழுது.

உன் மாமா


மார்ச் 18

அன்புள்ள மாமாவுக்கும், மடிப்பைப் பிரிக்கும் அத்தைக்கும்,

உங்கள் முதுகு இப்போது எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு கதவின் அளவுக்கு ஒட்டியிருக்கிறது. மகனிடம் சொல்லி அனுமதி கொடுத்தீர்களே, அதற்கு நன்றி. எங்கள் மேலாளர் உள்ளே வந்தவர் திடுக்கிட்டு நின்றுவிட்டார்.

"யாரும்மா இது?"

"என் மாமனார், சார்."

அவர் மெல்ல நகரப் பார்த்தார். நான் விடவில்லை. அத்தை வைத்த ஏழு வளையமும் அந்தப் படத்தில் இருக்கிறது, கண்டுபிடியுங்கள் என்றேன். மூக்கு சுவரில் இடிக்கும்வரை கிட்டே போய் நாலைத்தான் கண்டுபிடித்தார். நிற வட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்றேன். "பயன்படுத்துறவங்களுக்கு ஒரு சுதந்திரம் வேணாமா? அவங்கவங்களுக்குப் பிடிச்ச கலர்னு இருக்கும்ல?" என்றார். "பிடிச்ச கலர்லதான் சார் மச்சம் ஒளிஞ்சுக்கிச்சு" என்றேன். மூன்று மருத்துவமனைகளுக்கு இதைக் கொடுக்க வேண்டிய நாள் இந்த மாதக் கடைசி. அதற்குள் நல்ல நிறமாகக் கொண்டு வா, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

சொல்வது சுலபம். சிவப்பு வைத்தால் முதுகில் புண் வந்த மாதிரி இருக்கிறது. கறுப்பு வைத்தால் அதுவே இன்னொரு மச்சமாகிவிடுகிறது. வெள்ளை நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் விளக்கு வெளிச்சம் பட்ட இடத்தில் தோலே பளபளக்கிறது, வளையம் அதில் கரைந்துவிடுகிறது. உங்கள் முதுகில் ஊரைக் கூட்டும் மஞ்சள், வெளுப்பாக இருக்கும் என் தோழியின் கையில் சத்தமே போடவில்லை. ஒரு பச்சையும் ஒரு ஆரஞ்சும் எல்லாத் தோலிலும் நன்றாக வந்தன. சந்தோஷமாக எங்கள் கணக்காளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு தடவை காட்டுற?" என்றார். அவருக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதாம். அப்படி ஒரு டாக்டரும் இருப்பார் இல்லையா? அத்தனையும் போயிற்று, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

நிறத்தை மாற்றி மாற்றி அலுத்துப்போய் வளையத்தையே மாற்றினேன். நடுவில் நிறம், உள் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு, வெளி ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. கறுத்த தோலானால் வெள்ளை காட்டிக் கொடுக்கும். வெளுத்த தோலானால் கறுப்பு. இனி எந்த முதுகிலும் வளையம் ஒளிய முடியாது. பாதிக் கிணறு தாண்டிவிட்டேன்.

மீதிப் பாதி இதுதான். என்னிடம் பதினோரு நிறம் இருக்கிறது. அதில் ஒன்றோடொன்று குழம்பாத ஏழு வேண்டும். பதினொன்றையும் ஒட்டும் தாளில் அச்சடித்து இதோடு அனுப்பியிருக்கிறேன். அத்தை, உங்களிடம்தான் கேட்கிறேன். அவசரத்தில் நூல் பெட்டியில் கையை விட்டால் இதில் எதற்குப் பதில் எது கையில் வரும்? அதைச் சொல்ல உங்களைவிட்டால் எனக்கு ஆள் தெரியாது. கோபமாகவே சொன்னாலும் பரவாயில்லை.

மாமா, 21ஆம் தேதி நான் நாள் முழுவதும் போனைக் கையில்தான் வைத்திருப்பேன்.

உங்கள் மருமகள்


மார்ச் 25

அன்புள்ள மருமகளுக்கு,

எடுத்தாயிற்று. மரத்துப்போக ஊசி போட்டார்கள், வலி இல்லை. குப்புறப் படுத்துக்கொண்டு எதிர்ச் சுவரில் இருந்த பலகையைப் படித்தேன். "அமைதி காக்கவும்." உன் அத்தை அதைப் பார்க்கவில்லை போலும்.

வேலை முடிந்து கட்டுப் போடுவதற்கு முன்னால் அவளை உள்ளே விட்டார்கள். வந்ததும் அவள் கண் எங்கே போகும்? தையலுக்குத்தான் போயிற்று.

"என்ன சிஸ்டர், நீல நூல்ல தைச்சிருக்கீங்க? இவர் தோலுக்கும் அதுக்கும் ஒட்டவே இல்லியே. இதே நிறத்துல நூல் கிடைக்கலியா?"

நர்ஸ் சிரித்துவிட்டார். "அம்மா, ரெண்டு வாரத்துல இதைப் பிரிக்கணும். தோல் நிறத்துல தைச்சா எது நூல், எது தோல்னு நாங்க தேடிட்டு நிப்போம். கண்ணுல படணும்னேதான் நீலம்."

"பிரிக்கறதுக்கா?"

"பிரிக்கறதுக்குத்தான்."

வீடு திரும்பும் பஸ் பாதி வழி வந்ததும் உன் அத்தை கேட்டாள்.

"அளவு பாக்கறதுக்கு முன்னாடி பெருசு பெருசா ஒரு தையல் போட்டு வெப்பேன்ல, அப்புறம் பிரிச்சு எடுக்கறதுக்கு? அதுக்கு நான் என்ன நூல் எடுப்பேன்?"

"எனக்கு என்ன தெரியும்?"

"இத்தனை வருஷம் எதிர்லயே உக்காந்து டீ குடிச்சிருக்கீங்க. கண்ணுல குத்துற நூலா எடுப்பேன். துணிக்குக் கொஞ்சமும் ஒட்டாததா எடுப்பேன். நான் அந்த வளையத்தைச் சேக்கற வேலைன்னு நெனச்சுட்டேன். இது பிரிக்கற வேலை. அவ அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

"அவளும் இப்பத்தானே கத்துக்கிறா."

"அதுவும் சரிதான்" என்றாள். சந்தோஷத்தில் எனக்கு இருக்கையிலிருந்து துள்ளி எழலாம் போல் இருந்தது. துள்ளினால் தையல் பிய்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் கைகூடக் கழுவவில்லை, மெஷின் உறையை எடுத்துவிட்டாள். மறுநாள் காலையில் நீ அனுப்பிய தாள் வந்தது. கத்தரியால் பதினோரு வளையத்தையும் வெட்டி, தையல் இல்லாத வலது பக்கம் முழுக்க ஒட்டினாள். ஓரத்துக் கோடுகளைப் பார்த்ததும், "அட, ஓரத்துக்குப் பைப்பிங் வெச்சிருக்கா" என்றாள். பாராட்டு மாதிரித்தான் இருந்தது. பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசல்வரை பின்னால் போய் நின்றாள். விளக்கைப் போட்டாள், அணைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள். என்னைக் கூடத்தில் நிற்க வைத்துச் சுற்றச் சொன்னாள். எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, உங்களுக்கு அளவு எடுக்கறாங்களா?" என்றார். அவரையும் உள்ளே இழுத்து, தூரத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். அவர் ஊதாவைக் கருநீலம் என்றார். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று என்னைப் பார்த்தாள். அதற்கு முன் அவள் என்னிடம் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அவள் தீர்ப்பு: ஊதாவை எடுத்துவிடு. சாயங்கால வெளிச்சத்தில் அதுவும் கருநீலமும் அக்கா தங்கை. இரண்டு ரோஸில் வெளிறியது வேண்டாம். கடல் பச்சைக்கும் வான்நீலத்துக்கும் நடுவில் ஒன்று வைத்திருக்கிறாயே, அது எந்தப் பக்கமும் சேராமல் நிற்கிறது, வேண்டாம். பழுப்பு கலந்த அந்த மஞ்சளைப் பற்றி அவள் சொன்னதை எழுதவில்லை. மீதி ஏழும் இருக்கட்டும்.

பரிசோதனை முடிவு வர இரண்டு வாரம் ஆகுமாம். பகலில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். எழுதிக்கொண்டிருந்தால் இன்னும் நன்றாக இருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம்.

உன் மாமா


மார்ச் 31

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

ஜெயித்துவிட்டோம்!

அத்தை தேர்ந்தெடுத்த ஏழு நிறத்தையும் செயலியில் வைத்துக் கணக்காளர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். ஐந்தைத் தடுமாறாமல் சொன்னார். ஆரஞ்சிலும் கடல் பச்சையிலும் மறுபடி விழுந்துவிட்டார். அத்தை, உங்கள் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் அவை எங்கேயோ இருப்பவை, அவர் கண்ணுக்கு மட்டும் பக்கத்து வீடு. அதற்காக நல்ல நிறத்தைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து யோசித்தேன். கடல் பச்சையை முழு வளையமாக விடாமல், ஓட்டுத்தையல் மாதிரி விட்டு விட்டு ஓடும் வளையமாக மாற்றினேன். மறுபடி அவரைக் கூப்பிட்டேன். வளையங்களை இடம் மாற்றிக் கலைத்துப் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, படத்தைச் சின்னதாக்கியும் காட்டினேன். ஏழும் சரி. அவருக்கே நம்ப முடியவில்லை. எழுந்து நின்று தனக்குத்தானே கைதட்டிக்கொண்டார். பிறகு, "என்னை இத்தனை வருஷத்துல யாரும் இதுக்குன்னு கூப்பிட்டதே இல்ல" என்று சொல்லிவிட்டு அவசரமாகத் தன் அறைக்குப் போய்விட்டார்.

மேலாளர் ஒரு கடைசிக் கேள்வி கேட்டார். "சரி, நிறம் நல்லா இருக்கு. யாராவது மறுபடியும் ஒரே மச்சத்துல ரெண்டு வளையம் வெச்சா?" வைக்க முடியாது, சார், என்று காட்டினேன். இரண்டாவது வளையத்தைச் செயலி ஏற்காது. வளையம் இல்லாமல் விட்ட மச்சத்துக்கு நேராக "பார்க்கவில்லை" என்று எழுதும். பார்க்காததைப் பார்த்த மாதிரி இனி அது சொல்லாது, மாமா. நீங்கள் அந்தச் சொல்லின் மேல் கோபப்பட்டு எழுதிய கடிதத்தை நான் படித்த அன்றே அந்த வரியை எழுதிவிட்டேன். நிற வட்டம் போய்விட்டது. மூன்று மருத்துவமனைகளுக்கும் இன்று காலை அனுப்பியாயிற்று.

உங்கள் மகன் என்ன சொன்னார் தெரியுமா? "எங்க அப்பா முதுகைக் காட்டி நீ பேர் வாங்கிட்ட. நான் கூடவே இருந்தும் எனக்கு ஒண்ணும் தேறல." கேக் வாங்கி வந்தார். எனக்கு ஒரு துண்டுக்கு மேல் இறங்கவில்லை. உங்கள் முடிவு வரும்வரை இது பாதிச் சந்தோஷம்தான். மாமா, இந்த ஒரு தடவை மட்டும் கடிதம் வேண்டாம். தெரிந்த அந்த நிமிடமே போன் செய்யுங்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 7

அன்புள்ள மருமகளுக்கு,

நீ கேட்டபடி நேற்று போனில் சொல்லியாயிற்று. ஆனால் போனை என் கையில் கொடுத்தால்தானே? உன் அத்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று உன்னிடம் சத்தமாகப் பேசிய பேச்சில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் விட்டதை எழுதுகிறேன்.

முதலில் தையலைப் பிரித்தார்கள். நீல நூல் ஒவ்வொன்றாக வந்தது. நர்ஸ் ஒரு இடத்தில்கூடத் தேடவில்லை. பிறகு டாக்டர் உட்காரச் சொன்னார்.

"கெட்ட மச்சம்தான்" என்றார். "ஆனா தோலோட மேல் தட்டுலயே நின்னுடுச்சு. கீழ இறங்கல. முழுசா வந்தாச்சு, ஓரமெல்லாம் சுத்தம். பாதுகாப்புக்காகச் சுத்தி இன்னும் கொஞ்சம் எடுப்போம், அதோட சரி. மருந்து கிடையாது, ஒண்ணும் கிடையாது. தள்ளிப் போட்டிருந்தீங்கன்னா நாம இன்னிக்கு வேற மாதிரி பேசிட்டிருப்போம்."

நான் அவர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். எனக்குப் புரியாததால் கேட்கவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

"யாரு இது வளர்ந்ததைக் கண்டுபிடிச்சது? முதுகுல இருக்கறது யாருக்கும் லேசுல தெரியாதே" என்று கேட்டார்.

உன் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என் மருமக" என்றாள். "படத்தைப் பாத்தே கண்டுபிடிச்சா. நிறமெல்லாம் அவதான் வெச்சா. இப்ப மூணு ஆஸ்பத்திரியில அவ நிறந்தான் ஓடுது."

உனக்குத் தெரியுமோ என்னவோ, நீ வந்த நாளிலிருந்து அவள் உன்னை "உங்க பையன் பொண்டாட்டி" என்றுதான் என்னிடம் சொல்வாள். நேற்று அவளை நான் திருத்தவில்லை. அவளும் தன்னைத் திருத்திக்கொள்ளவில்லை. டாக்டர் அந்தச் செயலியைத் தானும் பார்க்க வேண்டும் என்றார். போனை நீட்டினாள். ஏழு நிறத்தையும் கடைக்காரர் துணி விரிப்பது மாதிரி விரித்துக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் இந்த மாதப் படம் எடுத்தோம். மிச்சம் இருக்கும் ஆறு மச்சத்துக்கும் ஆறு வளையம். மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ், வான்நீலம், கருநீலம், வெளிர் பச்சை. தூரத்திலிருந்து பார்த்தால் திருவிழா மைதானம் மாதிரி இருக்கிறதாம் என் முதுகு. ஒரே ஒரு நிறம் மிஞ்சியது, நீ விட்டு விட்டு ஓட வைத்தாயே அந்தக் கடல் பச்சை. உன் அத்தை மிச்சத் துணியையே வீணாக்காதவள், நிறத்தை விடுவாளா? எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பின்கழுத்துல ஒண்ணு இருக்கும் பாருங்க. எங்க அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல."

இருந்தது. மிளகு அளவு. இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் நான் அதைச் சரியாகப் பார்த்ததில்லை. போனை வாங்கினேன். அவள் பெயருக்கு ஒரு புதிய பக்கம் திறந்து, அவள் பெயரை நானே எழுத்து எழுத்தாகத் தட்டினேன். படம் எடுத்தேன். அது மங்கலாக வந்ததால் இன்னொன்று எடுத்தேன். வளையத்தை விரலால் நகர்த்தி மச்சத்தின் நடுவில் நிறுத்தினேன்.

"வெச்சாச்சா?"

"வெச்சாச்சு."

"தெரியுதா?"

"வாசல்ல நின்னாலும் தெரியும்."

"அப்ப சரி" என்று கொண்டையை விட்டாள்.

சுற்றிக் கொஞ்சம் எடுப்பதற்கு வரும் வெள்ளிக்கிழமை போக வேண்டும். அதற்கும் நீல நூல்தான் என்று உன் அத்தை நர்ஸிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். படுத்து எழுந்து வந்து அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்கு அடுத்த வாரமும் எழுதுவேன். காகிதம் இருக்கிறது, பேனா இருக்கிறது, ஆளும் இருக்கிறேன்.

உன் மாமா